தசைச்சிதைவு நோயும் மூச்சும்: ஒரு சின்ன வரலாறு

மூச்சு விடுவது நாம் யோசிக்காமலேயே செய்யும் வேலை. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20,000 தடவை இழுத்து விடுகிறோம். இந்த வேலையைச் செய்வது நுரையீரல் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மை வேறு. நுரையீரலுக்குத் தானாக விரியத் தெரியாது. அதை இழுத்து விரிப்பவை அதைச் சுற்றியுள்ள தசைகள். தசை தளர்ந்துவிட்டால், நுரையீரல் எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாலும் பயனில்லை.

கேட்பதற்கு எளிமையான இந்த உண்மையைப் புரிந்துகொண்டு, அதற்கு ஒரு வழியும் கண்டுபிடிக்க மருத்துவ உலகத்துக்கு நூறு வருடங்களுக்கு மேல் ஆனது. தசைச்சிதைவு நோய் என்னும் அரிய நோயின் வரலாறு பெரும்பாலும் இந்தக் கதைதான். இதில் பாரிஸ், லண்டன், கோபன்ஹேகன் எல்லாம் வருகின்றன. சென்னையும் தாமிரபரணிக் கரையும் கூட வருகின்றன.

'கால்' என்றால் காற்று

பொதிகையில் பிறந்து பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி வழியாகப் புன்னைக்காயலில் கடலில் சேர்கிறது தாமிரபரணி. அந்தப் பொதிகை மலையைத்தான் அகத்தியர் இருந்த மலை என்று சித்த மருத்துவ மரபு சொல்கிறது. இந்தப் பகுதியில் கைகால் விளங்காமல் போனால் மக்கள் சொல்லும் பெயர் 'வாதம்'. யூகி முனிவர் பெயரில் வழங்கும் சித்த மருத்துவ நூல் வாத நோய்களை 80 வகையாகப் பிரிக்கிறது.

வாதம் என்றால் காற்று. பழந்தமிழில் 'கால்' என்ற சொல்லுக்கும் காற்று என்று பொருள் உண்டு. சித்த மருத்துவம் உடலில் பத்து வாயுக்கள் இருப்பதாகச் சொல்கிறது. அதில் மூச்சை நடத்தும் பிராணனுக்கு 'உயிர்க்கால்' என்று பெயர். கைகால்களை நீட்டவும் மடக்கவும் வைக்கும் வியானனுக்குப் 'பரவுகால்' என்று பெயர். அதாவது நடப்பதும் மூச்சு விடுவதும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த வேலைகள் என்பது அந்த மரபின் பார்வை. இன்றைய உடற்கூறியல் வேறு மொழியில் பேசுகிறது என்றாலும், இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தது கவனிக்கத்தக்கது.

ஆனால் நடைமுறையில் என்ன நடந்தது? எண்ணெய் தேய்ப்பது, வர்மம் பார்ப்பது என்று கவனம் முழுவதும் கைகால்களின் மேல்தான் இருந்தது. இதில் சித்த மருத்துவத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. ஐரோப்பிய மருத்துவமும் நீண்ட காலம் இதையேதான் செய்தது. பாளையங்கோட்டையில் 1964ல் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும், அடுத்த வருடமே திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும் தொடங்கப்பட்டன. இரண்டு மருத்துவ முறைகளும் ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்தன. தசைச்சிதைவு நோயை அடியோடு போக்கும் மருந்து மட்டும் இரண்டிலும் இல்லை.

மெரியன், டூஷேன், கவர்ஸ்

1851ல் லண்டனைச் சேர்ந்த எட்வர்டு மெரியன் என்ற மருத்துவர், ஒரே குடும்பத்துச் சிறுவர்கள் ஒருவர்பின் ஒருவராக நடை தளர்ந்து போவதைப் பற்றி எடுத்துரைத்தார். இறந்த ஒரு சிறுவனின் நரம்பு மண்டலத்தைச் சோதித்தபோது அதில் குறை எதுவும் இல்லை. தசை நார்கள்தான் சிதைந்திருந்தன. கோளாறு நரம்பில் இல்லை, தசையில்தான் என்று அவர் சொன்னது சரி என்பது பிற்பாடு தெரிந்தது.

ஆனால் நோய்க்குப் பெயர் கிடைத்தது வேறொருவர் மூலம். பாரிஸ் மருத்துவர் கியோம் டூஷேன் 1861ல் இந்த நோயைப் பற்றி எழுதி, 1868ல் 13 நோயாளிகளை வைத்து விரிவாக விளக்கினார். மின்சாரத்தைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு தசையும் என்ன வேலை செய்கிறது என்று கண்டுபிடித்தவர் அவர். கழுத்து வழியாகச் செல்லும் ஒரு நரம்பைத் தூண்டினால் உதரவிதானம் சுருங்கி மூச்சு உள்ளே போகிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. மூச்சுத் தசையை நன்றாக அறிந்திருந்த அவர் பெயரே, கடைசியில் மூச்சைப் பறிக்கும் ஒரு நோய்க்கு வைக்கப்பட்டது ஒரு விசித்திரம்தான்!

1879ல் வில்லியம் கவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஓர் அடையாளத்தைக் குறித்து வைத்தார. தரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தை எழுந்திருக்கும்போது முதலில் தரையில் கை ஊன்றும், பிறகு முழங்கால், பிறகு தொடை என்று தன் உடம்பின் மேலேயே கையால் ஏறி நிமிரும். 'கவர்ஸ் குறி' என்று இன்றும் மருத்துவ மாணவர்கள் படிப்பது இதைத்தான். அங்கன்வாடி ஊழியரும் ஆசிரியரும் கூட இதை அடையாளம் காண முடியும். கெண்டைக்கால் வழக்கத்தைவிடப் பருத்திருப்பதும் ஓர் அடையாளம். பார்ப்பவர்கள் பலமான கால் என்று ஏமாந்து போவார்கள்.

காரணம் தெரிய மேலும் நூறு வருடங்களுக்கு மேல் ஆனது. 1986ல் அமெரிக்காவில் லூயிஸ் குன்கெல் குழுவினர் இதற்கான மரபணுவைக் கண்டுபிடித்தனர். அடுத்த வருடம் அந்த மரபணு உருவாக்கும் புரதத்துக்கு 'டிஸ்ட்ரோபின்' என்று பெயரிட்டனர். இந்தப் புரதம் இல்லாத தசை, ஒவ்வொரு தடவை சுருங்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேதமாகிறது. மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் நோய் பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கே வருகிறது. ஏறக்குறைய 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வரலாம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மகனுக்கு இந்த நோய் வந்தால் தாயைக் குற்றம் சொல்லும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. ஆனால் மூன்றில் ஒரு பங்கு குழந்தைகளிடம் மரபணு மாற்றம் புதிதாகவே உண்டாகிறது. தாயிடம் அது இருப்பதே இல்லை. இருந்தாலும் கூட அது அவர் செய்த தப்பா? அதேபோல் சொந்தத்தில் திருமணம் செய்ததால்தான் டூஷேன் வகை வந்தது என்பதும் சரியல்ல. சொந்தத் திருமணத்தால் வாய்ப்பு அதிகமாகும் தசை நோய்கள் உண்டு, ஆனால் அவை வேறு வகை.

மூச்சு எப்படிக் குறைகிறது?

டூஷேன் வகை நோயுள்ள பையன் சுமார் 12 வயதுக்குள் சக்கர நாற்காலிக்கு வந்துவிடுவான் என்பது சிகிச்சைகள் இல்லாத காலத்துக் கணக்கு. குடும்பத்தின் கவலை முழுவதும் காலின் மேல் இருக்கும் அந்த வயதில்தான் மூச்சும் குறைய ஆரம்பிக்கிறது. அது நான்கு வழிகளில் நடக்கிறது.

ஒன்று, உதரவிதானமும் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் தளர்கின்றன. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் காற்று குறைகிறது.

இரண்டு, இருமல் பலவீனமாகிறது. நன்றாக இருமுவதற்கு முதலில் நிறையக் காற்றை இழுக்க வேண்டும், பிறகு தொண்டையை மூடி, வயிற்றுத் தசையால் வேகமாகத் தள்ள வேண்டும். இதில் எது குறைந்தாலும் சளி வெளியே வராது. நமக்கு மூன்று நாளில் போகும் சாதாரண ஜலதோஷம் இவர்களுக்கு நிமோனியாவாக மாறிவிடுவது இதனால்தான்.

மூன்று, முதுகெலும்பு வளைகிறது. நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கும்போது, தாங்கிப் பிடிக்க வேண்டிய தசைகள் தளர்ந்திருப்பதால் முதுகு ஒரு பக்கமாகச் சாய்ந்து நெஞ்சுக்கூட்டை நெருக்குகிறது.

நான்கு, தூக்கம். கனவு வரும் தூக்கத்தில் உடலின் பெரும்பாலான தசைகள் ஓய்வெடுத்துவிடும். உதரவிதானம் மட்டும் தனியாக வேலை செய்யும். அதுவே பலவீனமானால் கரியமில வாயு வெளியேறாமல் இரவெல்லாம் ரத்தத்தில் சேரும். காலையில் தலைவலி, பகலில் தூக்கக் கலக்கம், பசியின்மை, கெட்ட கனவு, அடிக்கடி விழிப்பு என்று அது வெளியே தெரியும். இதைப் பார்த்துப் 'பையன் சோம்பேறியாகிவிட்டான், படிப்பில் கவனமில்லை' என்று நினைப்பவர்களே அதிகம்.

இதிலுள்ள பெரிய ஆபத்து என்னவென்றால், மூச்சுத் திணறல் தெரிவதே இல்லை! மாடிப்படி ஏறினால் நமக்கு மூச்சு வாங்கும். சக்கர நாற்காலியில் இருப்பவர் படி ஏறுவதும் இல்லை, ஓடுவதும் இல்லை. அவர் மூச்சு பாதியாகக் குறைந்தாலும் அதைக் காட்டிக்கொடுக்க ஒரு வேலையும் இல்லை. முதல் அறிகுறியே மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிமோனியாவாக வந்து நிற்பது இப்படித்தான்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்பைரோமீட்டர் என்ற கருவியில் ஊதச் சொல்லி அளப்பார்கள். கருவி இல்லாத இடத்தில் மருத்துவர்கள் செய்யும் ஒரு பழைய சோதனை உண்டு. நன்றாக மூச்சை இழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்வார்கள். கிட்டத்தட்ட நம் சடுகுடு விளையாட்டுதான்! ஆரோக்கியமான பெரியவர் 40, 50 வரை எண்ணுவார். 15ஐத் தாண்ட முடியவில்லை என்றால் நிலைமை மோசம் என்று பொருள். இது தோராயமான சோதனைதான், கருவிக்கு மாற்று அல்ல.

இரும்பு நுரையீரலும் கோபன்ஹேகன் மாணவர்களும்

மூச்சுத் தசை தளர்ந்தவரைக் காப்பாற்றலாம் என்று உலகத்துக்குக் காட்டியது தசைச்சிதைவு நோய் அல்ல, போலியோ. 1928ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிலிப் டிரிங்கர், லூயிஸ் ஷா ஆகியோர் உருவாக்கிய 'இரும்பு நுரையீரல்' முதன்முதலாகப் போலியோ தாக்கிய 8 வயதுச் சிறுமிக்குப் பயன்படுத்தப்பட்டது. தலை மட்டும் வெளியே இருக்க, உடல் முழுவதும் பெரிய பீப்பாய் போன்ற இயந்திரத்துக்குள் இருக்கும். உள்ளே காற்றழுத்தம் குறையும்போது நெஞ்சு விரியும், கூடும்போது சுருங்கும். நினைவிழந்து கிடந்த சிறுமிக்குச் சில நிமிடங்களில் நினைவு திரும்பியதாம்.

1952ல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் போலியோ கொள்ளைநோயாகப் பரவியது. மூச்சுத் தசை தளர்ந்து வந்த முதல் 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். இருந்த சில இயந்திரங்களால் பயனில்லை. அப்போது பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர், தொண்டையில் துளையிட்டு, குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்றை உள்ளே தள்ளலாம் என்றார். ஆனால் ராத்திரி பகலாகப் பையை அழுத்துவது யார்? மருத்துவ மாணவர்கள்! சுமார் 1,500 மாணவர்கள் முறை வைத்து மாதக்கணக்கில் பையை அழுத்தினார்கள். இறப்பு பாதிக்கும் கீழே வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு என்று இன்று ஒவ்வொரு பெரிய மருத்துவமனையிலும் இருப்பதன் ஆரம்பம் அந்த மாணவர்களின் கைகள்தான்.

கையால் அழுத்தும் 'ஆம்பு பை' 1956ல் அதே டென்மார்க்கிலிருந்து வந்தது. ஆம்புலன்ஸ்களில் இன்றும் அதைப் பார்க்கலாம்.

14 வயதிலிருந்து 25 வயதுக்கு

போலியோ நோயாளிக்குக் கிடைத்த உதவி தசைச்சிதைவு நோயாளிக்கு உடனே கிடைக்கவில்லை. 'போலியோ ஒருமுறை தாக்கிவிட்டு நின்றுவிடும். இந்த நோய் நிற்காதே, இயந்திரம் வைத்து என்ன பயன்?' என்ற எண்ணம் மருத்துவர்களிடமே இருந்தது.

1980களில் மூக்கின் மேல் முகமூடி வைத்து, தொண்டையில் துளையிடாமலேயே இரவில் மட்டும் காற்றைத் தள்ளும் முறை பரவியது. பைபேப் என்று நாம் கேள்விப்படும் கருவி இந்த வகைதான். இரவில் தசைகளுக்கு ஓய்வு கிடைக்கிறது, கரியமில வாயு வெளியேறுகிறது, பகலில் தெம்பு வருகிறது. 2002ல் இங்கிலாந்தின் நியூகாசில் மருத்துவர்கள் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். 1960களில் டூஷேன் நோயாளிகள் இறந்த சராசரி வயது 14.4. 1990க்குப் பிறகு மூச்சுக் கருவி பெற்றவர்களுக்கு அது 25.3.

இந்த இரண்டு எண்களையும் ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். மரபணு கண்டுபிடித்ததால் வந்த வருடங்கள் அல்ல இவை. தசையைக் குணப்படுத்தும் மருந்தும் இல்லை. முக்கியமாக ஒரு முகமூடியும் ஒரு காற்றுக் கருவியும்தான் பதினோரு வருடங்களைக் கொடுத்தன. ஸ்டீராய்டு மருந்துகளும் இதய மருந்துகளும் சேர்ந்ததால், முப்பதைத் தாண்டி வாழ்பவர்களும் இப்போது உண்டு.

சென்னையின் பெயரில் ஒரு நோய்

தசை தளரும் எல்லா நோயும் மூச்சை ஒரே வேகத்தில் தொடுவதில்லை. எனவே நோயின் சரியான பெயர் தெரிவது ரொம்ப முக்கியம். இதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே ஒரு சான்று உண்டு.

இயக்க நரம்பணு நோய் என்று ஒன்று உண்டு. இதில் தசை அல்ல, தசையை இயக்கும் நரம்பணுக்கள் அழிகின்றன. உலகெங்கும் பரவலாகக் காணப்படும் வகையில் பெரும்பாலானோர் 3 முதல் 5 வருடங்களுக்குள் மூச்சுத் தசை செயலிழந்து இறக்கிறார்கள். 1970ல் சென்னை மருத்துவர்கள் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் இளவயதினரிடம் காணப்பட்ட வேறு மாதிரியான ஒரு வகையை விவரித்தார்கள். முகமும் தொண்டையும் தளரும், கைகால் மெலியும், காது கேளாமை வரும். ஆனால் நோய் மிக மெதுவாகவே நகரும். 'மெட்ராஸ் இயக்க நரம்பணு நோய்' என்று உலக மருத்துவ நூல்களில் இது இடம்பெற்றது. பெங்களூரு நிமான்ஸ் மருத்துவர்கள் 1971 முதல் 2007 வரை பார்த்த 116 நோயாளிகளைப் பற்றி 2008ல் எழுதினார்கள். இவர்களில் பலர் பல பத்தாண்டுகள் வாழ்ந்தவர்கள்.

ஒரே மாதிரி தோன்றும் இரண்டு நோய்கள். ஒன்றில் மூச்சுக்கு நான்கைந்து வருட அவகாசம், மற்றொன்றில் வாழ்க்கையே மிச்சமிருக்கிறது. 'இது அந்த வாதம்தான்' என்றோ 'இனி ஒன்றும் செய்ய முடியாது' என்றோ பொதுவாகச் சொல்லி அனுப்பிவிடுவது எவ்வளவு பெரிய தவறு!

ஆய்க்குடியின் கதை

திருநெல்வேலிச் சீமைக்குத் திரும்புவோம். தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடி என்ற ஊர். 2019 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது, இப்போது தென்காசி மாவட்டம். அந்த ஊரைச் சேர்ந்த பொறியியல் மாணவர் எஸ். ராமகிருஷ்ணன் 1975ல் கடற்படை அதிகாரி தேர்வுக்காகப் பெங்களூரு சென்றபோது, உடல்திறன் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981ல், உலக ஊனமுற்றோர் ஆண்டில், ஐந்து குழந்தைகளுடன் அமர் சேவா சங்கத்தை ஆரம்பித்தார். தனக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் நினைவாக வைத்த பெயர் அது. 2020ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

1992ல் அவருடன் சேர்ந்தவர் எஸ். சங்கரராமன். சென்னையில் பட்டயக் கணக்காளராகத் தொழில் செய்தவர், தசைச்சிதைவு நோய் உள்ளவர். சக்கர நாற்காலியில் இருந்த இந்த இருவர் சேர்ந்துதான் அந்தச் சங்கத்தைப் பள்ளி, பயிற்சி நிலையம், இயன்முறைச் சிகிச்சை, கிராமம் கிராமமாகச் சென்று செய்யும் மறுவாழ்வுப் பணி என்று வளர்த்தார்கள்.

இந்தக் கிராமப் பணிக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. தசைச்சிதைவு உள்ள பையனை மருத்துவமனை வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை பார்க்கும். அவன் இருமல் பலவீனமாகிவிட்டதா, காலையில் தலைவலி வருகிறதா, முதுகு சாய்கிறதா என்பதெல்லாம் வீட்டில்தான் தெரியும். வீட்டுக்கு வருபவருக்கும் வீட்டில் இருப்பவருக்கும் எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் பாதிக் காரியம் முடிந்தது.

இன்று செய்யக்கூடியவை

1995ஆம் வருட ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இருந்தன, தசைச்சிதைவு தனியாக இல்லை. 2016ஆம் வருடச் சட்டத்தின் 21 வகைகளில் அது தன் பெயரிலேயே இடம்பெற்றது. தமிழக அரசு இந்நோய் உள்ளவர்களுக்குப் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. 2021ல் வந்த அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையிலும் டூஷேன் நோய் உண்டு. 2023ல் அமெரிக்காவில் இதற்கு ஒரு மரபணு சிகிச்சை அனுமதி பெற்றது. ஆனால் அது முழுக் குணம் தரவில்லை, அதன் பாதுகாப்பு பற்றியும் பிறகு கேள்விகள் எழுந்தன. விலையோ சாதாரணக் குடும்பங்கள் நினைத்துக்கூடப் பார்க்க முடியாதது.

ஆனால் மூச்சைக் கவனிக்கக் கோடிக்கணக்கில் பணம் தேவையில்லை. நடக்க முடியாமல் போனதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூச்சு அளவு பார்ப்பது ஒன்று. ஆம்பு பையால் ஒன்றன்மேல் ஒன்றாகக் காற்றை உள்ளே ஏற்றி நெஞ்சை விரிக்கும் பயிற்சியும், இருமும்போது வயிற்றை அழுத்தி உதவும் முறையும் வீட்டாரே இயன்முறை மருத்துவரிடம் கற்றுக்கொள்ளக்கூடியவை. நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசிகள் உண்டு. இரவில் மூச்சு குறைகிறது என்று தெரிந்தால் பைபேப். அதற்கு மின்சாரம் வேண்டும் என்பதால் பேட்டரி ஏற்பாடும் அவசியம்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இந்த நோயாளி திணறும்போது ஆக்சிஜனை மட்டும் வைத்துவிட்டு இருப்பது ஆபத்தாக முடியலாம். இங்கே குறை ஆக்சிஜன் அல்ல, காற்றை இழுத்து விடும் பலம். ஆக்சிஜன் அளவு நன்றாகத் தெரியும்போதே கரியமில வாயு உள்ளே சேர்ந்துகொண்டிருக்கும். மூச்சுக்குத் துணை செய்யும் கருவிதான் முதலில் தேவை. அதனால் நோயின் பெயரையும் இந்த விவரத்தையும் ஒரு அட்டையில் எழுதிச் சக்கர நாற்காலியிலேயே வைத்திருப்பது நல்லது. ராத்திரி நேரத்தில் அவசரப் பிரிவில் இருக்கும் இளம் மருத்துவர் இந்த நோயை முதன்முதலாகப் பார்ப்பவராகக் கூட இருக்கலாம்.

கொரோனா காலத்தில் வென்டிலேட்டர், ஆக்சிஜன் அளவு என்ற சொற்கள் டீக்கடை வரை வந்துவிட்டன. மூச்சை அளக்க முடியும், மூச்சுக்குத் துணை கொடுக்க முடியும் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். பக்கத்துத் தெருவில் சக்கர நாற்காலியில் இருக்கும் பையனைப் பார்த்தால் 'கால் எப்படி இருக்கு?' என்று கேட்பதுதான் நம் வழக்கம். 'ராத்திரி நல்லா தூங்குறியா? காலையில தலை வலிக்குதா?' என்றும் கேட்கலாம். நியூகாசில் கணக்குப்படி அந்தக் கேள்விக்குப் பின்னால் பதினோரு வருடங்கள் இருக்கின்றன.